காலை ஏழு மணிக்கு ஜெகன் பேசுகிறான்

1

வின்னிபெக்கில் தை மாதம் எப்படி இருக்கும் என்று ஊரில் யாராவது கேட்டால், ஐஸ்கிரீம் கடைக்காரர் ஃப்ரீசரைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்ன மாதிரி இருக்கும் என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அப்படியொரு காலையில் என் மகள் இனியாவைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். காரில் உள்ளூர் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. கென் என்று ஒருவர். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து காலையில் எனக்கு வானிலை சொல்லி, எந்தச் சாலையில் பனி வாரவில்லை என்று எச்சரித்து, பாட்டுப் போட்டு வேலைக்கு அனுப்புகிறவர்.

என் இங்கிலீஷில் பாதி அவர் கொடுத்தது. அதனால் வந்த வினையும் உண்டு. அவர் நேயர்களை "ஃபோக்ஸ்" என்று கூப்பிடுவார். அது ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்து, நான் வேலை பார்க்கும் தானிய ஆய்வகத்தின் இயக்குநருக்கு எழுதிய முதல் மின்னஞ்சலையே "ஹலோ ஃபோக்ஸ்" என்று ஆரம்பித்தேன். அது பலரைச் சேர்த்துக் கூப்பிடும் சொல்; அவரோ ஒரே ஆள். தன் அறையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாராம். இன்றைக்கும் விருந்துகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கென் அன்றைக்கு விடைபெற்றார். இனி காலையில் ஆள் கிடையாது, கணினியே பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். கடைசியாக ஒருமுறை வானிலை சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனியா காதிலிருந்த கருவியைக் கழற்றினாள். "அப்பா, நீ அழற. அவர உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

அவளுக்கு அடிப்படையே புரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டைப் போடுவார், ஊரே அதைக் கேட்கும் என்பது அவளுக்கு ஏதோ கொடுமை மாதிரி இருக்கிறது. "எனக்கு வேற பாட்டு வேணும்னா?" என்றாள். காத்திருக்க வேண்டும் என்றேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கருவியை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

2

நான் உண்மையில் அழுதது கென்னுக்காகவா, ஜெகனுக்காகவா என்று எனக்கே சந்தேகம்.

ஜெகனை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் 'கரும்பு எஃப்.எம்.' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை 'ஜல்தி ஜல்தி'. அதை நடத்தியவன் ஜெகன். மற்ற நிலையங்களில் அறிவிப்பாளர்கள் சென்னைக் கல்லூரி வாசலில் நின்று பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தபோது, இவன் பக்கத்துக் காணை கிராமத்தில் கரும்பு வெட்டிவிட்டு வந்து மைக்கைப் பிடித்த மாதிரி பேசினான்.

"விக்கிரவாண்டி டோல்கிட்ட கரும்பு லோடு ரெண்டு நின்னுக்கினு கீது. திண்டிவனம் போறவங்க ஜல்தி கெளம்புங்க. கெளம்ப முடியாதவங்க இன்னொரு டீ சாப்புடுங்க. யாருக்கும் பேஜாரு வேணாம்."

அவன் குரல் விக்கிரவாண்டி வரை கண்ணாடி மாதிரி வரும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் கரகரத்துவிடும். அதனால் அம்மா ரேடியோவைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டி, அதன் ஏரியலிலிருந்து ஒரு ஒயரை மாடியில் துணி காயப்போடும் கம்பியோடு முடிச்சுப் போட்டிருந்தாள். ஈரத்துணி காய்ந்தால் ஜெகன் தெளிவாகப் பேசுவான் என்பது அவள் கண்டுபிடிப்பு. அது அறிவியலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாட்டு கேட்டு யார் கூப்பிட்டாலும் அவன் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அடுப்புல என்ன?" வேர்க்கடலையில் அரைத்த மல்லாட்டை சட்னி என்றோ கேப்பைக் கூழ் என்றோ சொன்னால் நம்ப மாட்டான். போனை அடுப்புப் பக்கம் கொண்டுபோய்க் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக் காட்ட வேண்டும். சத்தம் கேட்டால்தான் பாட்டு. இதற்காகவே வெறும் சட்டியை அடுப்பில் வைத்துத் தட்டியவர்களும் உண்டு. "அக்கா, காலி சட்டி சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று பிடித்துவிடுவான்.

அம்மா வல்லம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலர். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவின் அந்த வேலைதான் என்னையும் தங்கை செல்வியையும் படிக்க வைத்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்தே ஜெகனைக் கூப்பிட்டிருக்கிறாள். அண்டாவைத் தட்டியதும் அவன் பயந்துபோய், "யக்கா, அது இன்னா கோயில் மணியா?" என்றான். "புள்ளைங்களுக்கு சாம்பார் அண்டா தம்பி" என்றாள். அன்றிலிருந்து அவள் 'சாம்பார் அக்கா'. பஸ்ஸில் முகம் தெரியாதவர்கள்கூட அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

நான் கனடாவுக்குப் புறப்பட்ட அன்று காலையில் செல்வி சொல்லிவைத்து ஜெகன் எனக்காகப் பாட்டுப் போட்டான். "குமாரண்ணே, அங்க போயி பேச்ச மாத்திக்காத. போயிட்டு வா" என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இதை இனியாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் மனைவி ரேவதி குறுக்கே வருவாள். அவள் விழுப்புரத்துப் பெண். எங்களுக்கு நிச்சயமாகியிருந்த சமயம் அது; பிறந்த வீட்டில் இருந்து அதே நிகழ்ச்சியைக் கேட்டவள்.

"அன்னிக்குப் பேசினது ஜெகன் இல்லீங்க. ஒரு பொண்ணு."

"ஜெகன்தான்."

"பொண்ணு. செய்தி வாசிக்குமே, அது."

ஒரே நேரத்தில் ஒரே நிலையத்தைக் கேட்ட இரண்டு பேருக்கு இரண்டு குரல் எப்படி நினைவிருக்கும்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணமானவர்களுக்கு இது சகஜம்.

சில வருஷங்கள் கழித்து ஊருக்குப் போனபோது ரேடியோவைத் திருகினேன். வெறும் இரைச்சல். கரும்பு எஃப்.எம்.மை மூடிவிட்டார்கள் என்று செல்வி சொன்னாள். ஜெகன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

3

கென் விடைபெற்ற அன்று மாலை அம்மாவைக் கூப்பிட்டேன். எங்களுக்கு மாலை என்றால் அங்கே மறுநாள் காலை. பனியில் வீடு வந்து சேரத் தாமதமாகி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் கூப்பிட்டேன். அம்மா ஓய்வு பெற்றபின் திண்டிவனம் வீட்டில் தனியாக இருக்கிறாள். செல்விக்குக் கல்யாணமாகி விழுப்புரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

கென் கதையைச் சொல்லிவிட்டு, "நம்ம ஜெகன் ஞாபகம் வந்துச்சும்மா" என்றேன்.

"ஜெகனா? இப்பத்தான பேசிக்கினு போறான்" என்றாள் அம்மா.

"யாரு?"

"ஜெகன்தான். டெய்லி ஏழு மணிக்கு வருவான்."

"எங்கம்மா?"

"தெருவுலதான். வாசல்ல நின்னு, யக்கா அடுப்புல என்னன்னு கேப்பான். அப்பறம் போயிடுவான்."

மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றாள். சாப்பிட்டாயா என்றேன். போனை வைத்த பிறகு ரேவதியிடம் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்குத் தெருவில் இல்லாத குரல் கேட்கிறது. அதுவும் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டில் இருந்த காலத்துக் குரல்.

மறுநாள் செல்வியிடம் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். ஏழு மணிக்கு வாசலில் போய் நின்றாளாம். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர்கள் பெங்களூரு போய்விட்டார்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுகிறவர்கள். தெருவில் ஒரு நாய் தவிர யாரும் இல்லை. "எங்கம்மா ஜெகன்?" என்று கேட்டிருக்கிறாள். "ஞாயித்துக்கெழம வர மாட்டான்டி" என்றாளாம் அம்மா, அதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்குதுண்ணா" என்று செல்வி போனில் அழுதாள். "அம்மா லீவெல்லாம் குடுக்கறாங்கண்ணா அவனுக்கு."

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் நல்ல மனிதர்தான். மறதிக்கான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அதைச் செல்வி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இப்ப என்ன மாசம்மா?"

"தை."

"தேதி?"

"எந்தத் தேதி? தமிழா, இங்கிலீஷா?"

"இங்கிலீஷே சொல்லுங்க."

"இங்கயா, எம்புள்ள ஊர்லயா? அங்க இன்னும் நேத்துதான்."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். அம்மா சொன்னது எல்லாம் சரி. எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. செல்வி ஜெகன் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார். வயசானால் இப்படி வரும், இனிமேல் தனியாக விடாதீர்கள் என்றார். மருத்துவக் குறிப்பில் 'குழப்பம் உள்ளது' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

4

செல்வியின் வீடு சின்னது. மாமனார் மாமியாரும் அங்கேதான். ஆகவே அம்மா என்னிடம் வர வேண்டும், திண்டிவனம் வீட்டைப் பூட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது யார் என்று யோசித்தால், நான், செல்வி, ரேவதி. அம்மாவிடம் கடைசியில் சொன்னோம்.

பெற்றோரைக் கொண்டுவந்து நீண்ட காலம் வைத்துக்கொள்ள இங்கே ஒரு விசா இருக்கிறது. அதற்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், மருத்துவக் காப்பீடும் வேண்டும். காப்பீட்டுக்காக ஒரு பெண்ணிடம் போனில் பேசினேன். இனிமையான குரல். அம்மாவுக்கு ஏதாவது நோய் உண்டா என்றாள். நான் நேர்மையாக இருக்க நினைத்து, காலையில் ஒரு குரல் கேட்கிறது என்றேன்.

எவ்வளவு காலமாக என்றாள். தெரியாது என்றேன். குரல் என்ன சொல்கிறது என்றாள்.

"அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கிறது" என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்தக் குரல் அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்கிறதா என்று அவள் மிகவும் ஜாக்கிரதையாகக் கேட்டாள். இல்லையில்லை, பாட்டுப் போடுவதற்காக என்றேன். விளக்க விளக்க அம்மாவின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டாள்.

எனக்குச் சிக்கல் புரிந்தது அப்போதுதான். அம்மாவைக் கூட்டிவர என்னிடம் இருக்கும் ஒரே காரணம் அவள் சரியாக இல்லை என்பது. அவளை உள்ளே விட அவர்கள் கேட்கும் ஒரே விஷயம் அவள் சரியாக இருக்க வேண்டும் என்பது. எந்தப் பக்கம் பொய் சொல்வது என்று தெரியாமல் பல வாரம் விண்ணப்பத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இனியா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயா வந்தா என் ரூமா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் என்ன இருந்தது என்றும் எனக்குப் புரியவில்லை. அவள் கோபம், சம்மதம், அலுப்பு எல்லாவற்றுக்கும் இப்போது அந்த ஒரு சொல்தான்.

அம்மா பாஸ்போர்ட்டுக்கு மறுப்பே சொல்லவில்லை என்றாள் செல்வி. போட்டோ எடுக்க நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாளாம். விரல் ரேகை வைக்க வரிசையில் சளைக்காமல் நின்றாளாம். எனக்கு இது இன்னும் பயத்தைக் கூட்டியது. நாங்கள் இங்கே வீடு வாங்கிய புதிதில் ஒரு தடவை அவளை வரச்சொன்னேன். "அந்தக் குளுர்ல வந்து நான் இன்னா பண்ணப்போறேன்?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வர மாட்டாள் என்று எல்லோரும் எழுதி ஒட்டிவிட்டோம். அப்படிப்பட்டவள் வாயைத் திறக்காமல் கிளம்புகிறாள் என்றால், நோய் முற்றிக்கொண்டு வருகிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

5

மாசிக் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், இங்கே இருப்பவர்களுக்கும் தெரியாது. பழையபடி கூப்பிட்டால் திண்டிவனத்தில் சரியாக விடியவே இல்லை. "ஏன்டா, கோழிகூடக் கூவல" என்று அம்மா திட்டினாள். அதனால் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கு மாற்றினேன். அங்கே அப்போது ஏழு மணி.

அப்படி மாற்றிய முதல் நாள். போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டு, மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் போனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது போனுக்குள்ளிருந்து, தூரத்தில், ஒரு குரல் வந்தது.

"யக்கா, அண்ணி, பெரிம்மா! எழுந்துக்கினீங்களா? அடுப்புல என்ன?"

கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. ஜெகன். ஒரு எழுத்து மாறாத ஜெகன். முதலில் எனக்கு வந்த நினைப்பு, இது குடும்ப நோய் போலிருக்கிறது, எனக்கும் வந்துவிட்டது என்பதுதான்.

"ரேவதி, இங்க வா. ஜல்தி வா."

அவள் வந்து காதைக் கொடுத்தாள். அவள் முகமும் மாறியது.

"வெங்காயம் இல்லாம இன்னா சாம்பாரு வைக்கப்போற? அஞ்சு கிலோ வாங்கிக்க. ஜல்தி வா, ஜல்தி வா, வண்டி போய்க்கினே இருக்குது!"

இனியாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "யாரு இது? செம்மையா இருக்குது" என்றாள். அவள் தமிழில் இவ்வளவு உற்சாகமாகப் பேசிக் கேட்டு நாளாகியிருந்தது.

"இதோ வந்துட்டான் பாரு" என்றாள் அம்மா, எதுவுமே நடக்காதது போல. போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு லோடு ஆட்டோ. பின்னால் வெங்காய மூட்டைகள், தராசு. கூரை மேல் ஒலிபெருக்கி. அதிலிருந்துதான் ஜெகன் பேசிக்கொண்டிருந்தான். ஓட்டி வந்தவன் வேறு யாரோ, லுங்கி கட்டின ஒரு நடுத்தர வயது ஆள்.

"தம்பி, எம்புள்ள. கனடாவுல இருக்குது. பேசு" என்று போனை அவனிடம் நீட்டினாள்.

"வணக்கம் சார். நல்லா கீறீங்களா?"

"இந்தக் குரல்..."

"ஜெகன் அண்ணன் சார். விழுப்புரத்துல சின்னதா ரெக்கார்டிங் ரூம் வச்சிக்கினு இருக்காரு. உப்பு வண்டி, பழைய இரும்பு வண்டி, பஞ்சாயத்துக் குப்பை வண்டி, எல்லாம் அவரு குடுத்ததுதான். பென்டிரைவ்ல போட்டுக் குடுப்பாரு. அவரு வாய்ஸ் போட்டா மத்தியானத்துக்குள்ள மூட்டை காலி."

"ஞாயித்துக்கெழமை?"

"அன்னிக்கு சந்தைக்குப் போயிடுவேன் சார்."

அம்மா போனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, வெங்காய வண்டின்னு சொல்ல வேண்டியதுதான? அது வெறும் ரெக்கார்டும்மா. ஜெகன் வர்றான், ஜெகன் பேசறான்னு சொன்னா நாங்க இன்னான்னு நெனைக்கறது?"

"ரேடியோவுல பாட்டு வந்தா நீ இன்னா சொல்லுவ? அவரு பாடறாருன்னுதான சொல்லுவ? ரெக்கார்டு ஓடுதுன்னா சொல்லுவ?" அம்மா கீரையைத் தூக்கி முறத்தில் போட்டாள். "அப்பவும் அவன் என்னா என் எதிர்ல வந்து நின்னா பேசினான்? இப்பவாச்சும் வாசலுக்கு வர்றான்."

"செல்வி கேட்டாளே, சொல்லியிருக்கலாம் இல்ல?"

"யாரு கேட்டீங்க? நீ மாத்திர போட்டியான்னு கேட்ட. அவ எங்க எங்கன்னு கேட்டா. அவன் இன்னா விக்கறான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அது உண்மை. அவள் ஜெகன் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து நான் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, அவள் பேசும் விதத்தைக் கேட்க ஆரம்பித்திருந்தேன்.

6

வண்டிக்காரரிடம் எண் வாங்கி ஜெகனைக் கூப்பிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

"சாம்பார் அக்கா பையனா!" என்று கத்தினான். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும், குரலில் மட்டும் அது தெரியவில்லை. "யக்கா எப்டிக் கீறாங்க? அண்டா இன்னும் இருக்குதா?"

ரேடியோ போனதில் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். அவன் ஏதாவது உருக்கமாகச் சொல்வான், அதை இங்கே எழுதலாம் என்கிற ஆசை எனக்கு.

"இருந்துச்சுண்ணே, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்க கத்துகத்துன்னு கத்துவேன், யாரு கேக்கறாங்க, யாரு ஆஃப் பண்ணிட்டாங்கன்னு ஒன்னும் தெரியாது. இப்ப வெங்காயம் வித்துச்சா இல்லயான்னு சாயங்காலம் போன் வந்துபுடும்."

கடைசியாக நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். நான் புறப்பட்ட நாளையும், அவன் எனக்குச் சொன்ன வார்த்தைகளையும் சொல்லி, நினைவிருக்கிறதா என்றேன். எந்த வருஷம், எந்த மாசம் என்றான். சொன்னேன்.

"அந்த மாசம் நான் ஏது? எங்க தங்கச்சி கல்யாணம்ணே அது. ஊர் ஊரா பத்திரிகை வைக்கப் போயிட்டேன். செய்தி வாசிக்கற பொண்ணுதான் புரோகிராம் பண்ணிச்சு."

பக்கத்தில் ரேவதி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, அவன் லீவு. அந்தப் பொண்ணுதான் போட்டுச்சு. நீ அழுதுக்கினு இருந்த, எங்க கேட்ட?" என்றாள்.

குமாரண்ணே, பேச்ச மாத்திக்காத. இப்போதும் அது எனக்கு ஜெகன் குரலில்தான் கேட்கிறது. அந்தப் பெண் சொன்னதை நான் ஜெகனுக்கு மாற்றிக்கொண்டேனா, இல்லை யாரும் சொல்லாததை நானே இங்கே வந்து பனியில் உட்கார்ந்து செய்துகொண்டேனா? தெரியவில்லை. டாக்டரின் கணக்குப்படி பார்த்தால் இல்லாத குரலைக் கேட்பவன் நான்தான். என்னைத்தான் தனியாக விடக்கூடாது.

7

சந்தோஷமாகவே மேற்கொண்டு காரியங்களைப் பார்த்தேன். செல்விக்குச் சொன்னேன், அவள் சிரித்தாள், பிறகு டாக்டரை நினைத்து வெட்கப்பட்டாள். காப்பீட்டுப் பெண்ணுக்கு, உங்கள் மேலதிகாரி சிரமப்பட வேண்டாம் என்று எழுதினேன். பாதியில் நின்ற விண்ணப்பத்தை அழித்தேன். இனியாவிடம் உன் அறை உனக்கே என்றேன். "சரி" என்றாள். முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. அன்று மாலை ரேவதி பாத்திரம் கழுவ, நான் துடைத்து வைத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, எல்லாம் சரியாப் போச்சு. உனக்கு ஒன்னும் இல்ல. நீ பாட்டுக்கு உன் வீட்டுலயே இருக்கலாம். யாரும் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

அந்தப் பக்கம் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப பாஸ்போர்ட்டு?" என்றாள்.

"அது இருக்கட்டும்மா, ஒரு பக்கமா. எப்பவாச்சும் ஆவும்."

"செல்வி சொட்டர் வாங்கிக் குடுத்துச்சி. ரெண்டு."

"பரவால்லம்மா. மார்கழிக்குப் போட்டுக்க."

"மாடி வீட்டுக்காரங்ககிட்ட சாவியக் குடுத்துட்டுப் போறேன்னு சொல்லி வச்சிட்டேன்" என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஏன்டா குமாரு, ஒன்னு கேக்கறேன். எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னாத்தான் கூப்புடுவியா?"

"அப்படி இல்லம்மா. நீதான அன்னிக்குச் சொன்ன, குளிர்ல வந்து இன்னா பண்ணப்போறேன்னு."

"சொன்னேன். ஒரு வாட்டி சொன்னேன். இன்னொரு வாட்டி கேட்டியா நீ?"

நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நல்லா கீறேன்னு நீயே சொல்லிட்ட" என்றாள் அம்மா. "இப்பக் கூப்புடு. வர்றேன்."

வா என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு எழுத்து. வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"ரேவதியக் கேட்டுட்டுச் சொல்றேம்மா."

ரேவதி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்தது.